கடிதப் பெட்டியில் ஐந்து குஞ்சுகள்

“பிள்ளை, உது கடிதம் போடுற பெட்டியோ, முட்டை போடுற பெட்டியோ?”

தபால்காரர் சீவரத்தினம் இப்படிக் கேட்டது 1993ஆம் ஆண்டு பங்குனி மாதம், புத்தூரில், எங்கள் வீட்டு வேலிப் படலையில். சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் அல்ல; ஆட்களோடு கதைப்பது எனக்கு ஒத்துவராது. எழுதுவேன். ஆறு கொப்பிகள் எழுதி முடித்திருக்கிறேன், இது ஏழாவது. அவருக்கான பதில் இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் பிந்திவிட்டது. அவரும் கடிதங்களை நேரத்துக்குக் கொண்டுவந்தவரில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடம் அகதி முகாமாக மாறியது. மூன்று மாதத்தில் அதைத் திரும்பத் திறந்தார்கள். நான் போகவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வதைவிட ஷெல்லடி பரவாயில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் அக்காவும் நானும்தான். அப்பா, அம்மா இல்லை. அக்காவின் பெயர் ஞானாம்பிகை. டியூட்டரியில் கணக்குப் படிப்பித்தாள். மற்ற நேரத்தில் எனக்காகக் கதைத்தாள். சங்கக்கடையில் கதைத்தாள், மாமியோடு கதைத்தாள். எனக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்குத்தருக்குச் சொல்வதும் அவள்தான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அவளுக்கு அருட்பிரகாசம் என்பவரைப் பேசி முடித்திருந்தது. அவர் ஜேர்மனிக்குப் போய் நாலு வருடம். இங்கே அவருக்கு ஒருவருமில்லை, குடும்பமே இந்தியாவுக்குப் போய்விட்டது. ஊரில் தொலைபேசியும் கிடையாது. ஆகவே அக்காவின் கல்யாணம் முழுவதும் நீல நிறத் தாளில் மடித்து, பசை ஒட்டி, சீவரத்தினத்தாரின் சைக்கிளில் வரவேண்டியிருந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நிலைமை அது.

இனிக் குருவிகளுக்கு வருகிறேன். அதுதான் முக்கியம்.

சிட்டுக்குருவிகள் ஓட்டுக்குக் கீழே கூடு கட்டுபவை. குண்டு விழுந்து ஊரில் ஓடுகள் போனபோது அவையும் போயின. மனிதர் இடம்பெயர்ந்தால் அரிசி, பருப்பு, பாய் என்று கொடுக்கிறார்கள். குருவிக்கு நிவாரணப் பதிவட்டை இல்லை. 1990இல் எங்கள் வளவில் முப்பத்தொரு குருவிகளை எண்ணினேன். 1992 முடிவில் நாலு. யாராவது ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் பார்த்தால் யாரும் இல்லை.

பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் பழைய தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. கூட்டுப்பெட்டி எப்படித் தெரிவு செய்வது என்று அதில் இரண்டு பக்கம் இருந்தது. வாசல் ஒன்றேகால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது. வெயில் நேரே விழக்கூடாது. பூனை ஏறக்கூடாது. குஞ்சுகள் பறந்தபின் பெட்டியைத் துப்புரவாக்க வேண்டும்.

முதலில் பால்மா டின் வைத்தேன். மத்தியான வெயிலில் மூன்று குஞ்சுகள் வெந்துபோயின. பிறகு கள்ளு முட்டி ஒன்றை வேப்பமரத்தில் கட்டினேன். வாய் அகலம். மைனாச் சோடி ஒன்று புகுந்து, வெளிநாட்டுக் காசு வந்த வீடு மாதிரி விடியவிடியச் சத்தம் போட்டது. மூன்றாவதாக, துவக்குக் குண்டு வந்த மரப்பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தேன். அளவும் நிழலும் அற்புதம். அக்கா அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

“எடி கொழுந்து, உதை வீட்டிலை வைச்சிருந்தால் ஆமி, இயக்கம் ரெண்டு பகுதியும் வந்து கேக்கும். அவங்களுக்கு நான் என்னெண்டு சொல்லுறது, குருவிக்கு வீடு குடுக்கிறம் எண்டோ?”

“ஓம்,” என்றேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பெட்டி அடுப்புக்குப் போயிற்று.

இதற்கிடையில் குருவிகளே தெரிவு செய்துவிட்டன. படலைத் தூணில் அப்பா செய்து மாட்டிய கடிதப் பெட்டி. முதிரை மரம். வடக்குப் பார்த்த வாசல், ஒன்றேகால் அங்குலம், அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். மேலே வேம்பின் நிழல். பக்கத்தில் சின்னக் கதவு, கொளுக்கி, பூட்டு. உலகத்தில் இதைவிட நல்ல கூட்டுப்பெட்டி இல்லை. ஒரே குறை, அதற்குள் கடிதம் போட்டார்கள். சீவரத்தினத்தார் போட்ட முதல் கடிதம் இரண்டு முட்டையை உடைத்தது.

அதன்பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்: “குருவி இருக்கிறது. கடிதத்தை வேலியில் செருகவும்.” அக்காவுக்கும் பிடித்திருந்தது.

“குஞ்சு பறக்குமட்டும் ஒருத்தரும் பெட்டியைத் தொடப்படாது. கடிதத்தை நீ எடுத்து வை, என்ன?” என்று சொல்லிவிட்டு டியூட்டரிக்குப் போனாள். தபால் பத்து மணிக்கு வரும். அக்கா எட்டு மணிக்கே போய்விடுவாள். அவள் எழுதும் கடிதங்களையும் என்னிடம்தான் விட்டுப்போவாள், தபால்காரரிடம் கொடுக்கச் சொல்லி.

முதல் இரண்டு கடிதங்களை ஒழுங்காகக் கொடுத்தேன். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதில் அருட்பிரகாசம் எழுதியிருந்தார்: ஆவணி மாதம் மூன்று கிழமை லீவில் கொழும்புக்கு வருகிறேன், நீர் எப்படியாவது வந்துசேரும், அங்கேயே கல்யாண எழுத்தை முடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன். கடிதம் பிரிந்திருந்ததால் வாசித்தேன். பிரித்தது நான்தான். அதே கிழமை குருவி திரும்பவும் முட்டையிட்டிருந்தது. மெத்தை போதாமல் இருந்தது. கடைகளில் பஞ்சு இல்லை. எயார்மெயில் தாள் மெல்லியது, ஈரத்தை உறிஞ்சும், எடையில்லை. கத்தரிக்கோலால் விரல் அகலத்தில் வெட்டி வேலியோரம் போட்டேன். அன்று பின்னேரமே பெண் குருவி வந்து தெரிந்து தெரிந்து எடுத்துப்போனது. அவருடைய கடிதத்தை இவ்வளவு கவனமாக வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

இதற்கு வேறு காரணம் தேடுபவர்கள் தேடலாம். தரைப்பாதை பூட்டு, கொழும்புக்குக் கிளாலிக் கடலால் படகில் போவது எவ்வளவு ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். அதையும் யோசித்தேன். அக்கா போனால் சங்கக்கடையில் யார் கதைப்பது என்பதையும் யோசித்தேன், ஆனால் அது கடைசியாக.

பிறகு வந்தவை ஒன்பது. அக்கா எழுதியவை ஆறு. அவை கொப்பித்தாள், தடிப்பு. அடியில் விரிக்கத்தான் உதவும், அதனால் அவற்றை நானே கூட்டுக்குக் கீழே தள்ளிவைத்தேன்.

கடிதம் ஏன் வரவில்லை என்று அக்கா ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படி யாரும் கேட்பதில்லை. கப்பல் வரவில்லை, பாதை பூட்டு, கொழும்பில் தணிக்கை என்று ஆயிரம் இருந்தது. யுத்தம் நல்ல மனிதரைப் போல எல்லாப் பழியையும் தானே ஏற்றுக்கொண்டது. அக்கா படலைக்கு வந்து, பெட்டிக்குள் காது வைத்துக் கேட்பாள்.

“உதுகளுக்கெண்டாலும் வீடுவாசல் சரிவந்திட்டுது,” என்பாள்.

ஐந்து குஞ்சுகளும் பறந்தன. ஐந்தும். புரட்டாதியில் அருட்பிரகாசத்தின் கடைசிக் கடிதம் வந்தது. “வந்தேன். மூன்று கிழமை காத்திருந்தேன். உமக்கு விருப்பமில்லை என்று விளங்கிக்கொண்டேன். இனிக் கரைச்சல் தரமாட்டேன்.” குஞ்சுகள் போய்விட்டதால் இனி மெத்தை தேவைப்படவில்லை. ஆகவே அதை அப்படியே ஒட்டி அக்காவிடம் கொடுத்தேன். நேர்மை என்று ஒன்று இருக்கிறது.

அக்கா நின்றபடி வாசித்தாள். “எப்ப வந்தவர் உவர்? எனக்கு ஆர் சொன்னது?” என்று என்னிடம் கேட்டாள். பிறகு கப்பலைத் திட்டினாள், அரசாங்கத்தைத் திட்டினாள், தபால் கந்தோரைத் திட்டினாள். சீவரத்தினத்தாரையும் விடவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் சோறு போட்டு வைத்தேன்.

ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல். புதிதாக ஒரு சோடி வந்து பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது. படுத்தபடி அதையே புலம்பியிருக்கிறேன். அக்கா ஆணியில் கிடந்த பெட்டிப் பூட்டின் திறப்பை எடுத்தாள்.

“நீ படு. நான் துப்புரவாக்கிவிடுறன். குஞ்சு போனபிறகு செய்யவேணும் எண்டு நீதானே சொன்னனி.”

என்மேல் உள்ள அன்பில்தான் போனாள்.

திரும்பிவந்தபோது கூடு சுளகில் இருந்தது. நேர்த்தியான கூடு. வைக்கோல், கோழி இறகு, நடுவில் நீலம். அக்கா என் கட்டிலடியில் இருந்து, ஒவ்வொரு துண்டாக உருவி நிலத்தில் வைத்தாள். ஒன்றில் ‘ஞானா’ என்று இருந்தது. ஒன்றில் ‘ஆவணி 12’. அடியில் அவளுடைய கையெழுத்தே, எச்சத்தோடு.

பிறகு என்னைப் பார்த்தாள். நான் கதைக்கவேண்டும் என்று விளங்கியது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக யாரிடமும் கதைத்ததில்லை.

“அக்கா, முந்தி நாலு குருவிதான் இருந்தது. இப்ப ஒன்பது. பஞ்சு இல்லைத்தானே. கிளாலியாலை போனால் நேவிக்காரன் சுடுவான். இஞ்சை இருந்தால் உங்களுக்கு ஒரு பயமுமில்லை.”

நன்றாகவே கதைத்தேன் என்று நினைக்கிறேன். அக்கா அழவில்லை, அடிக்கவுமில்லை. அறைக்குள் போய் ஒரு பையில் இரண்டு சேலையும் சேர்ட்டிபிக்கற்றுகளும் வைத்தாள். நிலத்தில் கிடந்த துண்டுகளைக் கூட்டி அள்ளி, அவற்றையும் வைத்தாள். எல்லாருக்கும் எல்லாம் சொல்லத் தெரிந்தவள், எனக்கு ஒரு சொல் சொல்லாமல் படலையைத் தாண்டிப் போனாள்.

பெட்டியின் சின்னக் கதவைச் சாத்தாமலே போனாள். பூனை வரும் என்று அவளுக்குத் தெரியும். அக்கா இப்படி ஈவிரக்கமில்லாமல் நடப்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை.