பச்சைப் பலகையும் ஈரத்துணியும்

பெயர் பணிப்பதிவேட்டில் உள்ளபடி. எல்லோரும் அழைப்பது "பீரங்கி". வயது 56. முகவரி: மாநகராட்சி ஊழியர் குடியிருப்பு, மூன்றாம் மாடி, கடைசி வீடு. விசாரித்தபோது கூறியதாவது:

நான் மேற்படி முகவரியில் மனைவியுடன் குடியிருந்து, இறப்புப் பதிவுப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகளாக எழுத்தராக வேலை செய்து வருகிறேன். என் கையெழுத்து இல்லாமல் இந்த நகரத்தில் எமனாலும் ஓர் உயிரைக் கணக்கில் காட்ட முடியாது. இதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

எங்கள் அலுவலக மொட்டைமாடியில் காற்றின் மாசை அளக்கும் இயந்திரம் உள்ளது. அதன் முடிவு வாசலில் உள்ள மின்பலகையில் தெரியும். பச்சை என்றால் வெளியே நடமாடலாம், சிவப்பு என்றால் கூடாது. மாடிப்படி என் அறையை ஒட்டி இருப்பதால் சாவியும் இயந்திரத்தைத் துடைக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தன. குளிர்காலம் தொடங்கியதும், ஒரு யானையையே புதைத்துவிடும் அளவு தூசி, காற்றை உள்ளிழுக்கும் குழாயில் அடைத்து இயந்திரம் அடிக்கடி நின்றுபோனதால், மூன்றாம் தேதி காலை வெள்ளைத்துணி ஒன்றை நனைத்துக் குழாயின் வாயில் கட்டினேன். அதன் பிறகு இயந்திரம் நிற்கவில்லை. பலகையும் பச்சையை விட்டு மாறவில்லை. மேலதிகாரி என் தோளைத் தட்டி, "துணியை அவுத்துடாதீங்க பீரங்கி" என்றார். அதன் பிறகு தினமும் காலை எட்டு மணிக்கு அதை அலசி, நனைத்துக் கட்டி வந்தேன். அலசிய தண்ணீர் தார் மாதிரி ஓடும்.

அதன் பிறகு, நாளொன்றுக்கு இருபதுக்குள் வந்துகொண்டிருந்த இறப்புச் சீட்டுகள் முப்பத்தைந்து, நாற்பது என்று வரத் தொடங்கின. நான் சீட்டுகளை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போய், "சார், சாவு ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. துணியை எடுத்துடறேன்" என்றேன். அவர் சீட்டுகளைப் பார்க்காமலே, "கொசு கடிச்சா புலி கடிச்சுதுன்னு சொல்ற ஆளு நீங்க. பாதியைத் தள்ளிட்டா பழைய கணக்குதானே வருது?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இளைப்பு நோயுள்ள என் அக்கா கணவர் தினமும் அதே எட்டு மணிக்குப் போன் செய்து, "என்னடா பீரங்கி, நடக்கலாமா? உன் பலகை என்ன சொல்லுது?" என்பார். "பச்சை அத்தான். பந்தயக் குதிரையே தோத்துப்போற மாதிரி ஓடலாம்" என்பேன். இருபத்தாறாம் தேதியும், கையில் துணி சொட்டிக்கொண்டிருக்க, அதையே சொன்னேன். பூங்காவில் இரண்டாம் சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் முப்பத்தெட்டாவது சீட்டு அவருடையது. நானே பதிந்தேன்.

அதன் பிறகு துணியை அவிழ்க்க மாடிக்குப் போனபோது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பலகை இன்றும் பச்சையாகவே எரிகிறது.

இன்று காலை அக்கா போன் செய்து, "தம்பி, வீடு ஒரே அடைசலா இருக்குடா. பலகை பச்சைதானாமே, ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்று கேட்டாள். "திறக்காதேக்கா, வெளியில இருக்கறது விஷம்" என்றேன். "எதுக்கெடுத்தாலும் நீ பெரிசாத்தான் சொல்லுவே" என்றாள். போனை வைப்பதற்குள் ஜன்னல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உடனே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அந்த யானையும் குதிரையும் தவிர மற்ற யாவும் நடந்தது நடந்தபடியே.

(ஒப்பம்)