அமரிந்தாவுக்கு எவ்வளவு தூரம்

தப்பா சொல்லிடுவேனோன்னுதான் பயமா இருக்கும்மா. நட்சத்திர விஷயம் இது, நான் ஆறாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ. கொஞ்சம் கையைத் தூக்குங்க... ஆங், அப்படியே. அசையாதீங்க, இடுப்புல வரிசையா குண்டூசி நிக்குது. நீங்க தெருவுக்குப் புதுசு, அதனாலதான் சொல்றேன். வேற யார்கிட்ட சொன்னாலும் சாயங்காலம் டீ குடிக்கிறதுக்குள்ள லினாரெஸ் ஊரு பூரா தெரிஞ்சிடும்.

எல்லாம் எங்க வீட்டுக்காரரால வந்தது. எவரிஸ்தோ. இப்ப முடி வெட்டிக்கப் போயிருக்காரு, அதான் தைரியமா பேசறேன். இங்கேருந்து டால்கா ஊருக்குப் பஸ் ஓட்டினவரும்மா. முட்டி போச்சு, வீட்ல உக்காந்தாரு. உக்காந்த மனுஷன் தாடி எடுக்கல, பேச்சும் இல்ல. ஜன்னல் வழியா போற பஸ்ஸையெல்லாம் பாத்து "லேட்டு, லேட்டு"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க. அடுப்பைப் பாப்பேனா, மெஷினைப் பாப்பேனா, இவரைப் பாப்பேனா.

அப்பதான் இந்த விக்கிங்கற நெட் பக்கம் வந்து சேந்தது. "ஏழு விளக்கு வானம்"னு ஒரு படக்கதை, இவரு சின்னப் பையனா இருந்தப்ப வாரப் பத்திரிகைல வந்ததாம். அந்தக் கதைப் பைத்தியங்கள்லாம் சேந்து நெட்ல நடத்துறாங்க. யார் வேணா எழுதலாம், யார் வேணா திருத்தலாம், யார் வேணா சண்டை போடலாம். அதுல வான வரைபடம் போடற வேலையை இவரு எடுத்துக்கிட்டாரு. விரலால தள்ளினா வானம் சுத்தும். ஒரு நட்சத்திரத்தைத் தொட்டா அது பேரு, தூரம், எந்த இதழ்ல வருதுன்னு எல்லாம் சொல்லும். இல்லாத வானம்மா, இல்லாத தூரம், அதுல ஒரு மயிரிழை பிசகக்கூடாதுங்கறாரு.

சிரிக்காதீங்க, குத்திடும்.

எப்படிக் கணக்குப் போடுவாருங்கறீங்க? பஸ் கணக்குதான். கதைல வர்ற கேப்டன் ஓரியானா வழியில ஒரு எடத்துல எறங்கி சூப் குடிச்சாள்னா, அந்த எடம் ரோட்டு மேலதான் இருந்தாகணுமாம். சூப்புக்காக எந்த டிரைவரும் சுத்து வழி போகமாட்டானாம். இப்படி ஒவ்வொரு நட்சத்திரத்தையும் புடிச்சுப் புடிச்சு வச்சாரு. தாடி எடுத்தாரு. பாட்டு முணுமுணுத்தாரு. சரி, போகட்டும்னு நானும் கூட உக்காந்தேன். அவரு விரல் தடி, ஒரு எழுத்தை அமுக்கினா மூணு எழுத்து விழும். அதனால டைப் அடிக்கிறது என் வேலை.

வினை அங்கதான். மெக்சிகோல மோன்தெர்ரேல ஒரு பல் டாக்டரம்மா, ரோசவுரான்னு. அவங்களும் இந்தக் கூட்டம்தான். அவங்க ஒரு தாள் நிறைய தூரமெல்லாம் எழுதி போட்டோ புடிச்சு அனுப்பினாங்க. அமரிந்தா நட்சத்திரம், ஒண்ணு, புள்ளி, இருநூத்தம்பது ஒளியாண்டுன்னு இருந்துச்சு. நான் இருந்தபடியே அடிச்சேன். நம்ம சிலே நாட்டுல எண்ணுக்கு நடுவுல புள்ளி வச்சா என்னம்மா? ஆயிரம். ஒண்ணேகால் மீட்டர் துணின்னா நீங்களும் நானும் ஒண்ணு, கமா, இருவத்தஞ்சுன்னுதானே எழுதுவோம்? அந்த ஊர்ல தலைகீழா எழுதுவாங்களாம். கமா போட வேண்டிய எடத்துல புள்ளி. பக்கத்துல ஒண்ணேகால் தூரத்துல கெடந்த அமரிந்தா ஆயிரத்து இருநூத்தம்பதுக்குப் போயிடுச்சு. வானத்துக்கே வெளிய.

கொஞ்ச நாள் யாருக்கும் தெரியல. அவ்வளவு தூரம் யார் விரல் தேய தள்ளிக்கிட்டுப் போவாங்க? அப்புறம் லீமாலேருந்து ஒரு பொண்ணு கேட்டுட்டா. ஓரியானா ஞாயித்துக்கெழமை தவறாம அமரிந்தாவுக்குப் போயி அம்மா கையால சாப்பிடறாளே, இவ்வளவு தூரம் எப்படிப் போயிட்டு வர்றாள்னு. இவருக்கு வரைபடம்தான் வேதம். தப்பா இருக்கும்னு தோணவே இல்ல. ஒரு ரகசியக் குறுக்கு வழி இருக்குன்னு நீளமா எழுதிட்டாரு. டால்கா ரோட்ல இவருக்குத் தெரிஞ்ச குறுக்கு வழியையெல்லாம் உதாரணம் காட்டி. எல்லாரும் ஆகா ஓகோன்னு அதுக்கு "எவரிஸ்தோ பாதை"ன்னு பேரே வச்சிட்டாங்க. இந்த சனிக்கெழமை சாந்தியாகோல கூட்டம், பெரிய திரைல படம் போட்டு இவரு பேசணும். ரோசவுராவும் வர்றாங்க. அந்தத் தாளோட.

நான் அந்தத் தாளை மறுபடி பாத்தது போன வாரம்தான். கீழ ஒரு நட்சத்திரத்துக்கு சைபர் புள்ளி எழுநூத்தம்பதுன்னு இருந்துச்சு. ஆயிரத்துக்கு முன்னால சைபர் எங்கேருந்தும்மா வரும்? அப்பதான் புரிஞ்சுது, அவங்க புள்ளிதான் நம்ம கமான்னு. திருத்தினா பாதை போச்சு, பாதை போனா இவரு மறுபடி ஜன்னலுக்குப் போயிடுவாரு. திருத்தாம விட்டா அந்தப் பல்லம்மா மேடைலயே புடுங்கிடுவாங்க. கொஞ்சம் திரும்புங்க, பின்பக்கம் தூக்கி நிக்குது.

யோசிச்சு யோசிச்சு, அவரு தூங்கறப்ப ஒண்ணு பண்ணேன். ஒண்ணேகால் தூரத்துல இன்னொரு நட்சத்திரத்தை வச்சேன். "பழைய அமரிந்தா"ன்னு பேர் போட்டேன். தூரத்துல இருக்கறது "புது அமரிந்தா". அவ்வளவுதான்.

பொழுது விடிஞ்சதும் ரோசவுரா கேட்டாங்க, ஒரே பேர்ல ரெண்டு எப்படின்னு. இவரு வாயத் தொறக்குறதுக்குள்ள நம்ம சனங்க பதில் போட்டுட்டாங்க. நிலநடுக்கம் வந்திருக்கும், ஊரைத் தள்ளிக் கட்டியிருப்பாங்க, இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குன்னு. நம்ம சில்யான் ஊரையே நிலநடுக்கத்துக்கப்புறம் தள்ளித்தானே கட்டினாங்க, பழைய சில்யான் இன்னும் பக்கத்துலயே இல்லையா? சிலேக்காரன் ஒருத்தனுக்குக்கூட சந்தேகம் வரல. கன்செப்சியோன்ல ஒருத்தன் இன்னும் ஒரு படி மேல போயி, எல்லாரும் போனப்பறமும் ஓரியானாவோட அம்மாக் கெழவி மட்டும் வீட்டை விட்டு நகந்திருக்க மாட்டா, அதான் பொண்ணு ஞாயித்துக்கெழமை பழைய ஊருக்கே வர்றாள்னு எழுதிட்டான். அப்ப பாதை? அது புது ஊருக்குப் போற பாதை. எல்லாம் பொருந்திடுச்சு.

ரோசவுரா விடுவாங்களா. சரி, அந்த நிலநடுக்கம் எந்த இதழ்ல வருதுன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

இவரு கம்ப்யூட்டரைப் பாத்தாரு, அதுல அவரு பேர்லயே பதிவாகியிருந்த பழைய அமரிந்தாவைப் பாத்தாரு. என் பக்கம் திரும்பல. மெதுவா கேட்டாரு, "எந்த இதழ், மிர்த்தா?"

எனக்கு சட்டுனு ஒண்ணு ஞாபகம் வந்துச்சும்மா. அந்தப் பத்திரிகை அச்சகத்துல ஒருதடவை வேலைநிறுத்தம் வந்து, ஒரு வாரத்து இதழ் வந்துச்சா வரலையான்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை. ஒருத்தர்கிட்டயும் அது கெடையாது. "அந்த வேலைநிறுத்த வாரத்து இதழ்தான்"னேன்.

இவரு தடி விரலால, ஒத்தை ஒத்தை எழுத்தா, தானே அடிச்சாரு. அடிச்சு முடிச்சிட்டு சனிக்கெழமைக்குக் கோட்டைத் தேய்க்கச் சொன்னாரு.

போயி தேடட்டும்மா அந்தப் பல்லம்மா. ஒலகத்துலயே யார்கிட்டயும் இல்லாத இதழாப் பாத்துதான் நிலநடுக்கத்தை வச்சிருக்கேன்.