பின் சீட்டுக்கு ஒரு சாய்மானம்

விடிகாலை நாலு மணி பத்து நிமிடம். குன்றக்குடி மலை விளக்கு பின்னால் போய்விட்டது. பிள்ளையார்பட்டி வெளிச்சம் இன்னும் கண்ணில் படவில்லை. நடுவில் ஒரு துண்டுச் சாலை... ஒரு பக்கம் புளிய மரங்கள், மறுபக்கம் கண்மாய்க்கரை. முன்னும் பின்னும் ஒரு வண்டி கிடையாது. ஒரே ஒரு பைக் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியது அந்தோணி பிரபு. பின்னால் அவன் மனைவி மெர்சி.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரபு வேறு யாருமில்லை, என் கூட்டாளி சூசைமரியானின் தங்கை புருஷன். காரைக்குடியில் பள்ளிக்கூட வாத்தியார். கதை கட்டுகிற ஆள் இல்லை.

மெர்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பில் ஒரு வட்டு விலகிவிட்டது. இரண்டு வருடம் படுக்கை. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்... கோவாவுக்குப் போய்ச் சவேரியார் கோயிலைப் பார்க்க வேண்டும், அதுவும் பைக்கில்.

"ரயில்ல போவமே" என்றான் பிரபு.

"ரயில்ல படுத்துக்கிட்டுப் போகவா ரெண்டு வருசமாப் படுத்துக் கிடந்தேன்?"

அவன் டாக்டரைப் போய்க் கேட்டான். டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் உட்காரவே கூடாது.

புது வண்டி வாங்க வசதியில்லை. பழைய டூரிங் பைக்காகத் தேடினான். ஒன்றில் முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தது. ஒன்று பெயின்ட்டில் பளபளத்தது, குனிந்து பார்த்தால் சேஸிஸ் வளைந்திருந்தது. இன்னொன்றில் பின் சீட் பலகை மாதிரி. ஆறாவதாகப் பார்த்தது புதுவயலில். அரிசி மில்லில் பாய்லர் பார்க்கும் ஈஸ்வரனுடையது. நானூறு சிசி. எஞ்சின் சுத்தமாக இருந்தது.

பிரபுவுக்குப் பிடித்தது பின் சீட்தான். அகலமான மெத்தை. உள்ளே ஜெல் வைத்துத் தைத்திருந்தது. கால் வைக்கும் கட்டைகளை இரண்டு அங்குலம் இறக்கி, முழங்கால் மடங்காதபடி முன்னால் தள்ளிப் பற்றவைத்திருந்தார்கள். பின்னால் தோள் உயரத்துக்குக் குழாய் வளைத்து, பஞ்சு கட்டிய சாய்மானம். முன் சீட்டோ கம்பெனியில் வந்தபடியே, ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரிய...

"வீட்ல யாரு அண்ணே பின்னால உக்காருவாக?"

"எனக்குக் கல்யாணம் ஆகலை சார். நான் தனியாத்தான் போவேன்."

"அப்ப இம்புட்டு வேலை எதுக்கு?"

ஈஸ்வரன் சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "நெடுந்தூரம் போனா வேணும் சார்" என்றார். பிறகு கேட்டார். "அம்மாவும் எப்பவும் கூட வருவாகளா?"

"அவளுக்குத்தான் வண்டியே."

அந்தப் பதிலுக்கு அப்புறம்தான் ஈஸ்வரன் சாவியைக் கொடுத்தார்.

வண்டியைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்ற ஒரு மாதம் ஆயிற்று. ஹேண்டில்பாரை ஓர் அங்குலம் உயர்த்தி உள்ளே இழுத்தான். முன் கண்ணாடியைப் பெரிதாக்கினான். மெர்சி குள்ளம், அந்தச் சாய்மானம் அவளுக்கு உயரம் அதிகம், பின்னால் தள்ளி இருந்ததால் இடுப்பும் அதில் படவில்லை. சீட் தைக்கிறவர் அதை அறுத்துக் குட்டையாக்கி, நாலு அங்குலம் முன்னால் கொண்டுவந்து வைத்தார். மெர்சி உட்கார்ந்து பார்த்தாள். அச்சில் வார்த்தது போல இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

அப்படித்தான் அந்த விடிகாலையில் கோவாவுக்குக் கிளம்பினார்கள்.

ஜோடியாகப் போகிறவர்களுக்கு ஒரு சத்தம் பழக்கம். பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் ஹெல்மெட் முன்னால் இருப்பவர் ஹெல்மெட்டில் இடிக்கும். டொக். குன்றக்குடி வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் டொக்... டொக்... இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

அந்தத் துண்டுச் சாலையில், தார் ரோட்டில் கிடந்த விளக்கு வெளிச்சம் சட்டென்று எழும்பியது. எழும்பி, புளிய மரத்துக் கிளையில் போய் விழுந்தது.

பைக் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். பின்னால் ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், முன் விளக்கு மேலே போகும். மெர்சி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாள். வண்டி ஐம்பதில் போய்க்கொண்டிருக்கிறது.

ஹேண்டில்பார் கையில் லேசாகிவிட்டது. முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும்...

"என்னங்க, பின்னால சாயாதீக. நெஞ்சை அமுக்குது."

பிரபு டாங்க்கை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. இதுவரை அந்த இடத்தில் சில்லென்று காற்று வந்துகொண்டிருந்தது. இப்போது வரவில்லை.

தைல வாசனை வந்தது. வலிக்குத் தேய்க்கிற தைலம்.

"தைலம் போட்டுட்டா வந்த?"

"இல்லையே... எனக்கும் வாசம் வருது."

ஒரு பள்ளம். பிரேக் பிடித்தான். டொக் என்ற சத்தம் வரவில்லை. மெத்தென்று ஏதோ அவன் ஹெல்மெட்டின் பின்பக்கம் வந்து சாய்ந்தது. சாய்ந்தது... எடுக்கவில்லை. தூங்கி விழுகிற ஆளின் தலை மாதிரி.

"மூச்சு விட முடியலைங்க..." மெர்சியின் குரல் நசுங்கி வந்தது.

ஓரங்கட்டினான். "எறங்கு! பக்கவாட்டுல எறங்கு!" முன்னால் அமுக்கம், பின்னால் புதுச் சாய்மானம். மெர்சி உடம்பைத் திருகிச் சரிந்து, அப்படியே சாலையோர மண்ணில் விழுந்தாள். பிரபு ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக் குதித்தான். அவளைத் தூக்கி நிறுத்தினான். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியில் யாரும் இல்லை. விளக்கு வெளிச்சம் இன்னும் மேலே, புளியங்கிளையில்தான் இருந்தது. பின் ஸ்பிரிங் அமுங்கியபடியே...

பிறகு சீட் முனகியது. க்ரீச்... கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி க்ரீச்... வண்டி இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்தது.

மெர்சி அவன் கையைப் பிடித்தாள். "ரெண்டு வருசம் நான் இப்படித்தான் பெரண்டு பெரண்டு படுத்தேன்" என்றாள், உதடு மட்டும் அசைய. "அதுக்கு முதுகு வலிக்குதுங்க."

பிரபு ஈஸ்வரனைப் போனில் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னணியில் பாய்லர் இரைச்சல். பிரபு "வண்டி..." என்று தொடங்கும்போதே குறுக்கிட்டார்.

"சாய்மானத்தைக் கழட்டினீகளா சார்?"

"அறுத்து... முன்னால தள்ளி வச்சிருக்கோம்."

பாய்லர் சத்தம் தூரமானது. ஈஸ்வரன் வெளியே வந்துவிட்டார் போல.

"எஞ்சின் ஓடுதா?"

"ஓடுது."

"அணைச்சிராதீக. அணைஞ்சா ஊரு வந்துருச்சுன்னு எறங்கிரும். வந்துக்கிட்டே இருக்கேன்."

புதுவயலிலிருந்து அங்குட்டு வர எப்படியும் முக்கால் மணி நேரம். இருவரும் பத்தடி தள்ளி நின்றார்கள். கண்மாயில் தவளைச் சத்தம் கூட இல்லை. இருபது நிமிடம் எஞ்சின் ஒழுங்காக ஓடியது. பிறகு தடுமாறியது. டுக்... டுக்... ஒரு துடிப்பு விட்டுப்போனது. அடுத்ததும் விட்டுப்போனது.

பிரபு மெர்சியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள், போகாதீக என்று. அவன் போனான். சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, கையை நீட்டி ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பிடித்துக்கொண்டான். எஞ்சின் நிதானத்துக்கு வந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று அவனுக்கே தெரியாது. சைலன்சர் சூடு காலில் அடித்தது. இடது தோள் மட்டும் ஐஸ் மாதிரி குளிர்ந்தது. தைல வாசனை மூக்கை எரித்தது. ஒவ்வொரு தடவை சீட் முனகும்போதும் அவன் காதுக்குப் பக்கத்தில், வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கிறவர் விடுகிற மூச்சு... ம்ம்... ம்ம்... ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. அவன் திரும்பவில்லை. மாதாவுக்குச் சொல்கிற மங்கள வார்த்தை ஜெபத்தைப் பாதியில் மறந்து மறந்து, முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தான்.

மதுரைப் பக்கம் போகிற அரிசி லாரி ஒன்று வந்து நின்றது. ஈஸ்வரன் இறங்கினார். லாரி உடனே கிளம்பிப் போய்விட்டது. பிரபு ஆக்ஸிலேட்டரை அவர் கைக்கு மாற்றிவிட்டு நகர்ந்தான்.

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் ஈஸ்வரன். மெர்சி இல்லை என்று தலையசைத்தாள்.

"தெரிஞ்சே எங்க தலையில கட்டினீகளாண்ணே?" என்றான் பிரபு.

"மன்னிச்சிருங்க சார். பின்னால ஏற்கெனவே ஆள் உக்காந்திருந்தா ஏறாதுன்னு நெனச்சுட்டேன்."

"யாருண்ணே அது?"

"நான் கேட்டதில்ல சார்."

அவர் ஏறி, டாங்க்கின் மேலேயே குறுகி உட்கார்ந்துகொண்டார். முன் சீட்டையும் சேர்த்துப் பின்னால் இருந்ததற்கு விட்டுக்கொடுத்தார். முனகல் நின்றது.

கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. வண்டி புதுவயலுக்குத் திரும்பவில்லை. மேற்கே போனது.

பிரபுவும் மெர்சியும் கோவாவுக்கு அடுத்த வருடம் ரயிலில் போய்வந்தார்கள். சூசைமரியான் இதை எனக்குச் சொன்னபோது மெர்சியும் பக்கத்தில் இருந்தாள். அவன் முடித்ததும் ஒன்றை மட்டும் அவளே சொன்னாள், பிரபு கவனிக்காத ஒன்றை.

ஈஸ்வரன் லாரியிலிருந்து இரண்டு ஹெல்மெட்டோடு இறங்கினாராம். ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டார். வண்டியை நகர்த்துவதற்கு முன், திரும்பிப் பார்க்காமல், இன்னொன்றை இடது கையால் பின்னால் நீட்டினார். நீட்டிக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

கையைத் திரும்ப எடுத்தபோது அதில் ஹெல்மெட் இல்லை.

விடிந்த பிறகு மெர்சி அந்த இடத்தில் குனிந்து தேடிப் பார்த்தாள். தரையிலும் இல்லை.