இழுக்கறது வேற, சுமக்கறது வேற

ஹலோ... ஹலோ, வெண்டலா? கத்தாதடா, நல்லாத்தான் கேக்குது... ஆமா, அக்காதான். எங்க இருக்கே?... டீட்டன் கணவாய் உச்சியிலயா? படுக்கை, அடுப்பு எல்லாம் வெச்ச அந்தக் கேம்பர் கூண்டை பிக்கப் வண்டி முதுகுல ஏத்திக்கிட்டா?... உன் பொண்டாட்டி மார்னியும் குழந்தை டெஸ்ஸாவும்?... மூணு பேருமா. ஐயோ. சரி, ஓரங்கட்டிட்டே இல்ல? ஹேண்ட் பிரேக் போட்டியா?... பின் சக்கரம் ரெண்டுக்கும் கல்லு வை. முதல்ல அதை வை, அப்புறம் பேசலாம்.

...வெச்சியா? ம். இப்ப சொல்லு... ஆமா... ஆமா... ஏறும்போது ஸ்டியரிங் லேசாயிடுச்சா? எவ்வளவு லேசா?... திருப்பினா வண்டி கேக்கவே இல்லையா! டேய், முன் சக்கரம் ரோட்டை ஒழுங்காத் தொடலடா. பின்னால பாரம் அமுக்குது, முன்னால தூக்கிடுச்சு... டயர் எப்படி இருக்கு? பக்கவாட்டுல பிதுங்குதா?... தொடாதே, கொதிக்கும்... தொட்டுட்டியா. ஊது, ஊது.

ஒண்ணு பண்ணு. டிரைவர் கதவைத் திற. கதவு வந்து மூடற தூண்ல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும்... ஆமா, அதேதான். ஆளும் சாமானும் சேந்து இதுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு நம்பர் போட்டிருப்பான், படி... ஆயிரத்து நானூத்தி எண்பது பவுண்டு. கேம்பர் எவ்வளவு?... ரெண்டாயிரத்து முந்நூறா! அதுவும் காலி எடையா!... என்னது? வண்டி ஒன்பதாயிரம் தாங்குமா? எவன் சொன்னான்?... வித்தவன் சொன்னானா. அது இழுக்கற எடைடா! பின்னால ட்ரெய்லர் மாட்டி இழுக்கற எடை! இழுக்கறது வேற, சுமக்கறது வேற. குதிரையை வண்டியில கட்டினா ஒரு டன் இழுக்கும், அந்த ஒரு டன்னைத் தூக்கி அது முதுகுல வெச்சிடுவியா?... சிரிக்காதே. எனக்குச் சிரிப்பு வரல.

...காத்துப் பை மாட்டினே, தெரியும். ஸ்பிரிங் பக்கத்துல காத்துப் பை வெச்சா பின்பக்கம் தொங்காது, பாக்க நேரா நிக்கும், அவ்வளவுதான். அச்சு அதே அச்சு. பிரேக் அதே பிரேக்... எனக்கு எப்படித் தெரியுமா? வருஷா வருஷம் உருளைக்கிழங்கு லாரிங்களை எடை மேடையில ஏத்தி இறக்கறவடா நான். வாங்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல?... ம்... ஆமா, நானும் பண்ணல. சரி விடு.

கேம்பர்ல தண்ணித் தொட்டி எப்படி இருக்கு?... விளிம்பு வரைக்கும் நிறைச்சிருக்கியா! எதுக்குடா?... ஆமா, காட்டுல போய்த் தங்கினா குழாய் ஏது. புரியுது... அந்த ஜாக்சன் ஊர் ஹோட்டல்காரங்களுக்குத் தட்டு கழுவ நீ வேணும், குடியிருக்க மட்டும் இடம் குடுக்க மாட்டாங்க... வெண்டல், அழாதேடா. டெஸ்ஸா பாத்துடப் போறா. போய்த் தொட்டியைத் திறந்து விடு. மொத்தமும் போகட்டும்... ம், கொட்டற சத்தம் கேக்குது.

...அதுல முந்நூறு பவுண்டு குறைஞ்சிருக்கும். பத்தாதுடா. கேஸ் சிலிண்டர், பேட்டரி, மார்னியோட தையல் மிஷின், துணிமணி, நீங்க மூணு பேரு, எல்லாம் எடைதான்... ஆமாடா, மனுஷனும் எடைதான். ஸ்டிக்கருக்கு மனுஷன் என்ன, மூட்டை என்ன.

இப்ப நான் சொல்றதை மட்டும் கேளு. கேம்பருக்கு நாலு மூலையிலயும் கால் இருக்கு இல்ல, அதை இறக்கு. கேம்பர் தானா நிக்கும். நீ அதுக்கு அடியில இருந்து பிக்கப்பை ஓட்டி வெளிய எடு. அவங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு நேரா என் வீட்டுக்கு வா... எவனாவது இழுத்துட்டுப் போனா போகட்டும்! நாலு தகரமும் ஒரு மெத்தையும், அதுக்குப் போயி... சரி... சரிடா, வீடுதான். உங்களுக்கு இருக்கற ஒரே வீடு. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

...ராய்ஸா? என் புருஷன் என்ன சொல்லப் போறான்? வான்கோழி விருந்தன்னைக்குக் குடிச்சிட்டு என்னமோ உளறினான்... இல்ல... இல்லடா, அவன் அப்படி நினைச்சு... "ஒட்டுண்ணிக் குடும்பம்"னு சொன்னானா? டெஸ்ஸா முன்னாடியா?... எனக்குத் தெரியாதுடா. சத்தியமாத் தெரியாது. நான் அடுப்படியில இருந்தேன்... அவன் வாயாலயே கூப்பிடணுமா. நியாயந்தான். இரு, இங்கதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்.

ராய்ஸ். என் தம்பி மலை மேல மாட்டிக்கிட்டான். "வாங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு, போதும்... கொஞ்ச நாளைக்குத்தான்... தெரியும்... அதுவும் தெரியும், ராய்ஸ். இது சண்டை போடற நேரமில்ல, கூட ஒரு குழந்தை இருக்கு... போனை வாங்கு. வாங்கேன்... ராய்ஸ்!

...வெண்டல்? ம், அவன்... வாய் நிறைய சாப்பாடு. தலையாட்டறான். வரச் சொல்லுங்கறான்... ஆமாடா, நான் எதுக்குப் பொய் சொல்றேன்?... கேட்டுடுச்சா உனக்கு.

...அவனை விடு. இது என் வீடுந்தான். நான் கூப்பிடறேன், வா... மானமா? மலை உச்சியில நின்னுக்கிட்டு என்னடா மானம்? உயிரை விட... என்ன முடிவு பண்ணிட்டே?... கேம்பரோடயே முதல் கியர்ல இறங்கப் போறியா? டேய், வேண்டாம்... கேளு, கேளு! பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கக் கூடாது, வெந்துடும், அப்புறம் நீ ஏறி நின்னாலும் பிடிக்காது. வெண்டல்!... போனை யாருகிட்ட குடுக்கறே?

...மார்னியா? என்னம்மா ஆச்சு? நீ ஏன் ரோட்டுல நிக்கறே?... டெஸ்ஸாவையும் இறக்கி விட்டானா? எதுக்கு?... "ரெண்டு பேரு இறங்கினா அவ்வளவு எடை குறையும்"னா?... நான் சொன்னேன்னா!... ஐயோ, கடவுளே. நான் அதுக்காடி சொன்னேன்? கதவைப் பிடி மார்னி, அவனை விடாதே, சாவியைப் பிடுங்கு... கிளம்பிட்டானா.

...தெரியுதா இன்னும்?... ம்... ம்... பின்னால பிரேக் போட்டா எரியற சிவப்பு விளக்கைப் பாரு. விட்டு விட்டு எரியுதா, எரிஞ்சுக்கிட்டே இருக்கா?... எரிஞ்சுக்கிட்டேவா. காலை எடுடா. காலை எடு, தங்கம்... உன்னைச் சொல்லலம்மா... திருப்பத்துல மறைஞ்சுட்டானா. சரி. பேசாதே. கொஞ்ச நேரம் பேசாம காது குடுத்துக் கேளு.

...மார்னி?... என்ன சத்தம் அது?... ஹாரனா? யாரையாவது ஒதுங்கச் சொல்லி அடிக்கறானா?... ஒரே இடத்துலருந்து, நிக்காம அடிச்சுக்கிட்டே இருக்கா.

...டெஸ்ஸாவைத் தூக்கிக்கோ. அவ காதைப் பொத்து. கீழ ஓடாதே, நீ ஓடினா குழந்தையும் பின்னாலயே வரும். வர்ற வண்டியைக் கை காட்டி நிறுத்து. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன்... வருவாங்க... வருவாங்கம்மா... எனக்குத் தெரியல, மார்னி. எனக்கும் தெரியல.

ராய்ஸ், கார் சாவி எங்க?... நான் போய்க் கூட்டிக்கிட்டு வரணும்... ரெண்டு பேரு... ஆமா. இனிமே ரெண்டு பேருதான்.

வெச்சிடறேன்மா.