முதற்கொள்ளி

எனக்குக் கரண்டின் மேல் கோபம் ஒன்றுமில்லை, ஐயா. என் வீட்டுக்குக் குப்பிவிளக்கே போதும். வெளிச்சம் கூடினால் கறிக்குள் கிடக்கும் பூச்சியெல்லாம் கண்ணில் படும்.

நான் இந்த வட்டையின் விதானை. இந்த வயல்வெளி முழுவதற்கும் தண்ணீர் திறந்துவிடுவதும், வேலி அடைக்கச் சொல்வதும் நான். ஆவணியில் புல்லையும் பற்றையையும் எரிக்கும்போது முதற்கொள்ளி வைப்பதும் நானே. என் அப்பா வைத்தார், அவருடைய அப்பா வைத்தார். வைக்குமுன் வெளியைப் பார்த்து மூன்று தரம் கூவ வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்குக் கூவும். பதில் வராவிட்டால்தான் நெருப்பு. முறை இவ்வளவுதான்.

அரிசி ஆலைக்குக் கம்பி இழுத்தார்கள். தார் பூசிய மரக்கம்பங்கள் வட்டையின் நடுவே வரிசையாக முளைத்தன. அவற்றோடு கம்பி வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் கதிர்காமத்தம்பியும் முளைத்தார். வெயிலே இல்லாத நேரத்திலும் தொப்பி.

"கம்பத்தடிப் புல்லைச் செருக்கோணும். கரண்டை நிற்பாட்டோணும். மறுகாதான் நெருப்பு. அதுக்கும் நான் உத்தரவு தரோணும், விதானையார்."

நியாயமான நிபந்தனைகள். மண்வெட்டியால் புல்லை அடியோடு செருக்கிவிட்டு உத்தரவு கேட்கப் போனேன். "ஆலை ஓடுது, மறுகா பாப்பம்." மறுபடி போனேன். "பெரிய துரை வாறார், மறுகா பாப்பம்." விதைப்பு நெருங்கிவிட்டது. கொள்ளிக்காக நான் கட்டிவைத்த ஓலைப்பந்தத்தை, எங்கள் பேச்சில் சூள், கறையான் அரிக்கத் தொடங்கியது. என் குத்தகைக்காரனின் பெண்சாதி சீதேவிப்பிள்ளை எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்:

"என்னகா விதானையார், உங்கட சூளுக்கும் கரண்டு வந்தாத்தான் பத்துமோ?"

வட்டையே சிரித்தது. ஓவசியர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பதவியில் இருப்பவனுக்குச் சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று காலை நடுக்கம்பத்தில் கம்பி தாங்கும் பீங்கான் குமிழை மாற்ற ஓவசியர் ஏறினார். இடுப்பைத் தோல்வாரால் கம்பத்தோடு கட்டிக்கொண்டு, மேலிருந்தே சொன்னார்: "கரண்டை நிற்பாட்டிப்போட்டுத்தான் ஏறின நான். இண்டைக்கும் எரிக்க ஏலாது, போங்க."

விசாரிக்க வந்த ஐயா இதைக் கவனிக்க வேண்டும். புல் செருக்கியாயிற்று, கரண்டும் நின்றாயிற்று. அவருடைய நிபந்தனைகள் நிறைவேறிய ஒரே நாள் அதுதான். செருக்கிய புல்லை நான் அந்தக் கம்பத்தடியிலேயே குவித்திருந்தேன். எங்கே போடுவதென்று அவர் சொல்லவில்லையே.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கிழக்கே வாவிக்கரையில் நின்று கூவினேன். மூன்று தரம், ஒன்றும் குறைக்கவில்லை. காற்று என் குரலை அப்படியே வாவிக்குள் தள்ளிக்கொண்டு போனது. தோணிக்காரன் ஒருவன் "ஆருகா அது?" என்றான். அது வட்டைக்குள்ளிருந்து வந்த பதில் அல்ல. பிறகு மேற்கு வரம்புக்கு நடந்து போய்க் கொள்ளி வைத்தேன். கூவிய இடத்திலேயே கொள்ளி வைக்க வேண்டுமென்று முறையில் இல்லை.

நெருப்பு நடுக்கம்பத்தை எட்டியபோது ஒரு குரல் எழுந்தது உண்மை. "விதானையார்" என்றுதான் கூப்பிட்டது. முதல் தடவையாக அந்தச் சொல்லில் சிரிப்பு இருக்கவில்லை. காற்றுக்கு எதிராகவும் எனக்கு நன்றாகவே கேட்டது.

ஆனால் கொள்ளி வைத்த பிறகு வரும் பதிலை முறை கணக்கில் எடுப்பதில்லை, ஐயா.