ரபியா வீட்டுத் தெள்ளுப்பூச்சிகள்

தெள்ளுப்பூச்சியை ஒழிக்க மருந்தே வேண்டாம், மிஸ் வித்யா. வெந்நீர், பல் நெருக்கமான சீப்பு, நல்ல வேக்கும் கிளீனர், ஒன்றரை மாதப் பொறுமை, இவ்வளவு போதும். உங்கள் வீட்டிலும் பூனை இருக்கிறது என்று உங்கள் சட்டைக் கையில் ஒட்டியிருக்கும் முடியே சொல்கிறது, அதனால் சொன்னேன். வாக்குமூலம் கேட்டால் இந்த அம்மா வீட்டுக்குறிப்பு சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம். எனக்கு இங்கிருந்து ஆரம்பித்தால்தான் வரும்.

என் பெயர் மர்யம், வயது ஐம்பத்தேழு. ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை ரபியாவின் கணவர் யாக்கூப் திடீரென்று மவுத்தானபோது அவர்கள் மகள் அஃப்னாவுக்கு ஐந்து வயது. நானே போய் இரண்டு பேரையும் தோ பாயோவில் உள்ள என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பத்தொன்பது வருடம் ஒன்றாக இருந்தோம். ரபியாவுக்கு ஆஸ்துமா. இழுப்பு வந்தால் என்னைத்தான் தேடுவாள். நான் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தடவி, ஆஸ்துமா பம்பைக் கையில் கொடுத்து, மூச்சு அதற்கும் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன். பதற்றத்தில் அவளுக்கு எந்த நம்பரும் நினைவுக்கு வராது.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பூனை வளர்க்கலாம் என்று அனுமதி வந்ததும் அஃப்னா ஒரு பழுப்புப் பூனையைத் தூக்கிவந்து கொப்பி என்று பெயர் வைத்தாள். கொப்பியோடு தெள்ளுப்பூச்சியும் வந்தது. ரபியா இருக்கும் வீட்டில் மருந்து அடிக்க முடியாது. நான்தான் இறங்கினேன். படுக்கை விரிப்புகளைத் தினமும் கொதிக்கும் நீரில் போட்டேன். பூனையைச் சீவி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கினேன். காலையில் ஒரு முறை, வேலை முடிந்து வந்து ஒரு முறை வேக்கும் பிடித்தேன். தூசியை உடனே பையில் கட்டிக் குப்பைக் குழாயில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

எல்லோரும் தோற்பது கூட்டுப்புழுவிடம்தான். முட்டையை உறிஞ்சிவிடலாம், பூச்சியைச் சீவி எடுக்கலாம். ஆனால் கூட்டுக்குள் இருப்பது வேக்குமுக்கு வராமல் கம்பள நூலைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும். ஆள் நடக்கும் அதிர்வும் உடம்புச் சூடும் பட்டால்தான் வெளியே வரும். அதனால்தான் சுத்தம் செய்யும் வீட்டில் தினமும் நடமாட வேண்டும் என்பார்கள். கொப்பி படுத்திருந்த கம்பளம் ஒன்று மட்டும் தேறாது என்று தெரிந்தது. அதைச் சுருட்டி பிளாஸ்டிக்கில் கட்டி ஸ்டோர் ரூமில் வைத்தேன். கீழே கொண்டுபோய்ப் போட ஆள் துணை வேண்டும், அவ்வளவு கனம். அப்படியே இருந்துவிட்டது.

அஃப்னாவுக்கும் சுஹைபுக்கும் நிக்காஹ் முடிந்து தெம்பனிஸில் வீடு கிடைத்தது. பிள்ளைகள் தனியாகப் போவது சரிதான். நானும் ரபியாவும் இரண்டு பேராக இருப்போம், சமையல் குறையும் என்று சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் தேக்கா கடைத்தெருப் பக்கம் போயிருந்தேன். எங்களுக்குப் பழக்கமான உமைரின் திரைச்சீலைக் கடையைத் தாண்டும்போது அவரே கூப்பிட்டார்.

"மர்யம் ராத்தா, தெம்பனிஸ் வீட்டு கர்ட்டன் ரெடி லா. ரபியா ராத்தா ரூமுக்குப் பச்சைதானே சொன்னாங்க? வந்து ஒரு தடவ பாத்துருங்க."

பார்த்தேன். நல்ல பச்சை. தையலும் நேராக இருந்தது. நானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தேன். பையை மேசைமேல் வைத்ததும் ரபியாவின் முகம் செத்துவிட்டது.

"சொல்லணும்னுதான் இருந்தேன் ராத்தா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அவங்களோட போறதா எப்ப முடிவு பண்ணின?"

"நோன்புக்கு முந்தியே. நீங்க கோவப்படுவீங்கன்னு அஃப்னாதான்..."

"எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல."

மிஸ் வித்யா, முப்பது நாளும் விடியும் முன் சஹருக்கு எழுந்து அவர்களுக்குச் சோறு ஆக்கியது நான். ரபியாவுக்குக் காரம் ஆகாது என்று தனிச் சட்டியில் குழம்பு. அத்தனை நாளும் ஒரே மேசையில் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. காதும் காதும் வைத்தமாதிரி எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கறிவேப்பிலையை எடுத்துப் போடுகிற மாதிரி என்னை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். பச்சைத் திரைச்சீலையை நானே இஸ்திரி போட்டு மடித்து அவள் பெட்டியில் வைத்தேன்.

புது வீடு குடிபுகும் பாத்திஹா ஓத நாள் குறித்தார்கள். ரபியா வந்து நின்றாள்.

"ஆம்பளைங்க உட்கார கம்பளம் பத்தல ராத்தா. உங்ககிட்ட இருக்கா?"

இருந்தது. பிளாஸ்டிக்கை அவிழ்த்து, மேலே ஒரு முறை வேக்கும் பிடித்தேன். பார்வைக்கு மிகச் சுத்தம். சுஹைபின் தம்பி, உமைரின் கடை வேனை இரவல் வாங்கிவந்து ஏற்றிப்போனான். ஓதி முடியும் வரை முப்பது பேர் அதன்மேல் உட்கார்ந்தும் எழுந்தும் இருந்தார்கள். நான் பிரியாணி பரிமாறினேன். சாப்பிடும்போதே இரண்டு பேர் கணுக்காலைச் சொறிந்தார்கள். கொசு அதிகம் போல என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

பத்து நாளில் அஃப்னா போன் செய்தாள். "பெரியம்மா, கொப்பிக்கு மறுபடி வந்துருச்சு. இந்தத் தடவ ரொம்ப அதிகம்."

"மருந்து எதுவும் வாங்கிடாத. உங்கம்மாவுக்கு ஆகாது. நான் வர்றேன்."

சனிக்கிழமைதோறும் போனேன். அந்தச் சனிக்கிழமைகள் நன்றாக இருந்தன, மறைக்க மாட்டேன். நான் பூனையைச் சீவ, ரபியா எதிரே உட்கார்ந்து சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வாள். பழைய கதை பேசுவோம். வேக்கும் தூசியை நான்தான் கொட்டுவேன். பாதியைக் குழாயில் போடுவேன். மீதியை ஒரு ரொட்டிப் பையில் கட்டி வைத்து, கிளம்பும் முன் ரபியாவின் கட்டிலுக்கு அடியிலும் பூனையின் மெத்தையிலும் உதறிவிடுவேன். முட்டைகள் உப்புத் தூள் மாதிரிதான் இருக்கும், யார் கண்ணிலும் படாது. அவளுக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. அந்த வீடு அவளுக்கு ஒத்துவரவில்லை என்று அவளுக்கே புரிய வேண்டும், திரும்பி வர வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஐந்தாவது வாரம் கேட்டேன். "கொஞ்ச நாள் தோ பாயோவுக்கு வந்து இரேன். உன் ரூம் அப்படியேதான் இருக்கு."

அவள் காலெல்லாம் தடித்திருந்தது. யோசித்தாள். வருவாள் என்றே நினைத்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"இல்ல ராத்தா. இதான் இப்ப என் வீடு. நீங்களும் வாராவாரம் அலைய வேணாம். சுஹைபுக்குச் சங்கடமா இருக்கு. அவரு வேற ஏற்பாடு பண்றேங்கறாரு."

வேற ஏற்பாடு என்றால் கடையில் விற்கும் பூச்சிமருந்துப் புகை டப்பா. செவ்வாய்க்கிழமை காலை அறைக்கு ஒன்றாக வைத்துத் திறந்துவிட்டு, சுஹைபும் அஃப்னாவும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். பூனையைக் கூண்டில் வைத்துத் தோழி வீட்டில் விட்டிருக்கிறார்கள். ரபியா மாலை வரை வெளியே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. பாவம், அவளுக்கு வெளியே உட்கார்ந்து பழக்கமில்லை. மதியமே திரும்பிவிட்டாள். வாடை போய்விட்டது என்று நினைத்து ஜன்னலைத் திறக்க உள்ளே போயிருப்பாள். மாலை அஃப்னா வந்து பார்க்கும்போது மூச்சு நின்றிருந்தது.

சுஹைபைத்தான் நீங்கள் முதலில் கூப்பிட்டு விசாரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவன்மேல் குற்றமில்லை. டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் வைத்திருக்கிறான். பூச்சி அங்கே போனதும் நிற்காமல் இருந்ததும் என்னால். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட மற்றதுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், போன் என்னிடம்தான் இருந்தது. ஒன்பதாவது மாடியில் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். தள்ளுவண்டியின்மேல் போன் அதிர்ந்தது. ரபியா என்று பெயர் வந்தது. சுஹைபின் சங்கடம் எல்லாம் இப்போது தீர்ந்துவிட்டதா, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது முறையும் அப்படித்தான். மூன்றாவது முறை, இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று நினைத்தேன்.

நான்காவது முறை அடித்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. ரபியா யாரையும் நான்கு முறை கூப்பிடுகிறவள் இல்லை. அவளுக்கு இழுப்பு வந்திருக்கிறது, வீட்டில் வேறு ஆள் இல்லை என்று, நான் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது எவ்வளவு தெளிவோ அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. நான் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கட்டிலின் மறுபக்கம் போய் மீதி இரண்டு தலையணைக்கும் உறை மாட்டினேன்.

அஃப்னா என்னோடு பேசுவதில்லை. அது அவள் இஷ்டம். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள், மிஸ் வித்யா. அவ்வளவு மூச்சுத்திணறலிலும் ரபியா மகளைக் கூப்பிடவில்லை, மருமகனைக் கூப்பிடவில்லை. நான்கு முறையும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அதைப் பார்த்த பிறகு அவள்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அவள் எனக்குச் செய்த துரோகத்தை நான் மன்னித்துவிட்டேன்.