செனட்டர் வேஷம்

கெயில்: தண்ணி குடிக்காத. நான் இன்னும் கேள்வியையே முடிக்கல.

மார்லிஸ்: தொண்டை காயுதுடி.

கெயில்: புதன்கிழமை உன் நியமனத்தை விசாரிக்கிற செனட் குழு முன்னாடி இப்படிக் குடிச்சேன்னா, பதில் தெரியாம முழிக்கிறாள்னு பத்திரிகையில எழுதிடுவாங்க. ஒத்திகை முடியிற வரைக்கும் நான் உன் கெயில் இல்ல. செனட்டர்.

மார்லிஸ்: சரிங்க செனட்டர். காட்டரிசி சூப் ஆறுதுங்க செனட்டர்.

கெயில்: ஆறட்டும். நீதிபதி அவர்களே, பதினாலு வருஷமா டுலூத் கோர்ட்ல இருக்கீங்க. அப்பீல் கோர்ட்டுக்கு உங்களை எதுக்கு எடுக்கணும்? பக்கத்து அறை நீதிபதி உங்களைவிட ரெண்டு மடங்கு தீர்ப்பு எழுதியிருக்காங்களாமே?

மார்லிஸ்: அது நீதானே...

கெயில்: யாரா இருந்தா என்ன?

மார்லிஸ்: பொறாமையா கெயில்?

கெயில்: ஆமா. வயிறு எரியுது. ரெண்டு பேரும்தான் இந்தப் பதவிக்காகத் தலைநகரத்துக்குப் பேட்டிக்குப் போனோம். உன் பேரை முன்மொழிஞ்சாங்க. எனக்கு நன்றி சொல்லி ரெண்டு வரி வந்துது.

மார்லிஸ்: அப்படியும் எனக்கு ஒத்திகை பாக்க வந்திருக்கியே...

கெயில்: உருகாத. அடுத்த கேள்வி. ஏரிக்கரை செம்புச் சுரங்க வழக்கு உங்ககிட்ட வந்தா என்ன தீர்ப்பு சொல்வீங்க?

மார்லிஸ்: வரக்கூடிய வழக்கைப் பத்தி இப்பவே கருத்துச் சொல்றது முறையில்லைங்க, செனட்டர்.

கெயில்: நல்லா மனப்பாடம் பண்ணியிருக்க. இதே கேள்வியைப் பேட்டியில யாராவது கேட்டாங்களா? புதன்கிழமை கையைத் தூக்கி சத்தியம் பண்ணிட்டுத்தான் பதில் சொல்லணும், தெரியுமில்ல?

மார்லிஸ்: ...இல்ல. யாரும் கேக்கல.

கெயில்: என்னைக் கேட்டாங்க.

மார்லிஸ்: என்னது?

கெயில்: காபி குடுத்து, கதவைச் சாத்தி, பேனாவை மூடி வச்சிட்டுக் கேட்டாங்க. உன்னை மட்டும் விட்டுட்டாங்களாக்கும்?

மார்லிஸ்: நீ... நீ என்ன சொன்னே?

கெயில்: முதல்ல நீ சொல்லு.

மார்லிஸ்: சுரங்கம் நடக்கலாம்னுதான் தீர்ப்பு குடுப்பேன்னு சொன்னேன். அவ்வளவுதான். இதை வெளியில சொல்லிடாதடி, என் கதை முடிஞ்சுது. நீ வாயைத் திறந்திருக்க மாட்டே, எனக்குத் தெரியும். நீ நேர்மையா இருந்தே... அதனாலதான் உனக்குக் கிடைக்கல.

கெயில்: நேர்மையா? அவங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள நானும் அதே வாக்கைத்தான் குடுத்தேன். அப்புறம் உன்கிட்ட மட்டும் அப்படி என்னத்தைக் கண்டாங்க?